படுக்க வைத்திருக்க வேண்டுமாம்

எண்பத்திரண்டாம் வருடத்து ரியோஹா.
பத்து வருடம் தாங்கும், கெட்டியான சரக்கு,
பதினைந்தும் தாங்கும் என்றானாம் கடைக்காரன்.
அதற்குள் தீர்ப்பு வந்துவிடும் என்றார் வக்கீல்.
ஒன்பது பேர் காசு போட்டு வாங்கினார்கள்.
ஒரு துண்டுத் தாளில் ஒன்பது கையெழுத்து,
புட்டியின் கழுத்தில் நூல் சுற்றிக் கட்டியது.

முதலில் எவுதீமியோ வீட்டில், தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே.
அவர் இருமி இருமிப் போன பிறகு
சபினோ வீட்டில், ஃப்ரிட்ஜின் தலையில்,
மோட்டார் ஓடும்போதெல்லாம் அதுவும் நடுங்கிக்கொண்டு.
சபினோவும் போனார்.
அப்புறம் என் வீட்டுக்காரர் கோல்தோ தூக்கி வந்தார்.
பாத்திரத் தொட்டிக்கு அடியில்,
பிளீச்சுக்கும் எலிப்பொறிக்கும் நடுவில் வைத்தார்.
வழக்குக் கட்டு பில்பாவோவுக்கும் மாத்ரிதுக்கும் போய்ப் போய் வந்தது.
புட்டி அதே இடத்தில்.
கோல்தோ போய் ஆறு வருடம்.

செவ்வாய்க்கிழமை ஃபோன். வக்கீல் இல்லை, அவர் மகள்.
ஜெயித்துவிட்டோம் என்றாள்.
சரி என்றேன்.
கொண்டைக்கடலை பொங்கிக்கொண்டிருந்தது,
போய்த் தீயைக் குறைத்தேன்.

ஞாயிறன்று வந்தார்கள், என் நாலாம் மாடிக்கு.
கையெழுத்துக்காரர்களில் மிச்சம் இரண்டு பேர்:
ஃபெர்மின், பிறகு ஆக்சிஜன் உருளையை இழுத்துக்கொண்டு ப்ருதென்சியோ.
படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் நின்ற நேரத்தை
மேலே கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.
மற்றவர்கள் என்னைப் போன்ற பெண்கள்.
எதுர்னேயின் மருமகன் உனாய் ஓட்டலில் மது பரிமாறுகிறவன்,
இரட்டைத் தகடு வைத்த ஏதோ கருவியோடு வந்திருந்தான்.

தொட்டதும் கார்க் பொடிந்தது. மீதி உள்ளே விழுந்தது.
எப்போதும் நிமிர்த்தியா வைத்திருந்தீர்கள்?
படுக்க வைத்திருக்க வேண்டுமாம்.
கார்க் ஈரமாகவே இருக்க வேண்டுமாம்.
கப்பல் பட்டறைக்காரர்களுக்கு இதெல்லாம் யார் சொன்னது?
நாங்கள் மனிதர்களைத்தான்
ஒவ்வொருவராகப் படுக்க வைத்தோம்.

காப்பித் துணியில் வடிகட்டி ஊற்றினான்.
சிவப்பாக இருக்கும் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
துரு. ஓரத்தில் வெளிறிய செங்கல்.
முகர்ந்தேன்: மழையில் ஊறிய அட்டைப்பெட்டி,
காளான்,
எங்கோ பின்னால் காய்ந்த ஆரஞ்சுத் தோல்.

பிறகு ஒரு செர்ரி.
சத்தியமாக வந்தது, ஒரு வாய் அளவுக்கு.
ஃபெர்மின் விரலைத் தூக்கி, இப்போ, இப்போ என்றான்.
எதுர்னே கண்ணை மூடினாள்.
நான் அடுத்த மிடறு எடுப்பதற்குள்
நாக்கின் விளிம்பில் காடியின் ஊசி.

நாக்கைப் பிடிக்கவே இல்லையே, துவர்ப்பு எங்கே என்று கேட்டேன்.
வயதாக ஆக அது அடியில் இறங்கிவிடும் என்றான் உனாய்.
புட்டியை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தான்.
கண்ணாடிக்குள் கரிய வண்டல், மெல்லச் சரிந்து.
ப்ருதென்சியோ அதையே பார்த்தார்.
அவர் நெஞ்சுப் படத்தையும்
இப்படித்தான் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்கள்,
இதோ கல்நார், இதோ, இங்கேயும் என்று.

இதைக் கொட்டிவிடலாம், நான் புதுசு ஒன்று கொண்டுவந்திருக்கிறேன் என்றான் பையன்.
நல்ல பிள்ளைதான்.
ப்ருதென்சியோ தன் கிளாஸை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.
மூக்குக் குழாயை ஒதுக்கிவிட்டு முழுதும் குடித்தார்.
எப்படி இருக்கிறது?
குடிக்கலாம், என்றார்.

கம்பெனிக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது,
மேல்முறையீடு செய்ய.
வக்கீலின் மகள் அதையும் அன்றே சொல்லியிருந்தாள்.
அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை
நான் அதைச் சொல்லவில்லை.

உனாயின் புது புட்டியை யாரும் திறக்கவில்லை.
பாத்திரத் தொட்டிக்கு அடியில் இடம் கொஞ்சம் பற்றவில்லை,
எலிப்பொறியை வெளியே எடுத்துவிட்டு
இந்த முறை
படுக்க வைத்தேன்.