மூன்றாம் கல்

நாகலூருக்கு மேலே பனி விலகப் பத்தரை ஆனது.
அதுவரை கருவிக்குக் கண் தெரியவில்லை.
முக்காலியின் நீர்க்குமிழியை நடுவுக்குக் கொண்டுவருவதும்
அது நழுவுவதுமாக நின்றேன்.

காப்பி, மிளகு, சில்வர் ஓக். ஏழு கல்.
சடையனுக்குப் பாதி, பழனிராசுக்குப் பாதி.
தங்கை பொன்னுருவிக்குக்
கண்ணாடி பதித்த கம்பைப் பிடிக்கிற வேலை.
போன மாதம்
விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவள்.

"ரெண்டாங் கல்லுல இருந்து அஞ்சாங் கல்லுக்கு
நூல் புடிச்சாப்புல ஒரு கோடு.
அவ்வளவுதானுங்க மேடம்" என்றார் சடையன்.

நூல் பிடித்தோம்.
நிலத்தைவிட்டு வெளியே போய்
பக்கத்து எஸ்டேட்டின் நாலு ஆரஞ்சு மரங்களைத் துளைத்துத்
திரும்ப உள்ளே வந்தது.

மூலைவிட்டம் உள்ளேதான் ஓடும் என்பது
ஃபேர்லேண்ட்ஸில் மனை அளக்கிறவர்கள் நினைப்பு.
இங்கே மூன்றாம் கல்லில் எல்லை
உள்நோக்கி மடங்குகிறது,
இருநூற்று முப்பத்தொரு பாகை.
பாடத்தில் அது பின்வளை கோணம்,
இவர்களுக்கு வெறும் பாறை.

பாறைமேல் பொன்னுருவி,
கம்பு நெட்டுக்குத்தாக.
புள்ளிக்கு நீளமில்லை, அகலமில்லை,
இருக்கும் இடம் மட்டும்தான்.
அவள் நின்ற இடத்திலிருந்துதான்
வெட்டவே முடிந்தது:
மூன்றிலிருந்து ஆறுக்கு,
நூற்றுப் பன்னிரண்டு மீட்டர்.
அண்ணன் செக்குபந்தியில் அது வடக்கெல்லை,
தம்பி செக்குபந்தியில் தெற்கு.
இருவரும் அந்த ஒரே கோட்டை
இரண்டு பக்கமிருந்து முறைத்தார்கள்.

உட்கோணங்களைக் கூட்டினேன்.
தொள்ளாயிரம் பாகை வரவேண்டும்,
முப்பத்தைந்து செகண்ட் குறைந்தது.
கல்லுக்கு ஐந்தாய்ப் பகிர்ந்துவிடுவது எங்கள் வழக்கம்.

"என்னங்க பிரிக்கிறீங்க?"
கம்போடு வந்து திரையை எட்டிப் பார்த்தாள்.
"பிழையை."
"பெரியவன் சின்னவன் பாக்க மாட்டீங்களா?"
"எல்லாக் கல்லுக்கும் ஒரே பங்கு."
"மூணாங் கல்லுக்கு?"
"அஞ்சு செகண்ட்."
"அது எவ்ளோ இருக்கும்?"

கணக்குப் போட்டுச் சொன்னேன்:
"நூறு மீட்டர் தள்ளிப் போனா
மிளகுல பாதி."

கொடியில் பச்சை மிளகு ஒன்றைக் கிள்ளினாள்.
முன்பல்லால் பாதி கடித்துத் தின்று,
மறுபாதியைக் கொண்டுபோய்
மூன்றாம் கல்லின் தலையில் வைத்துவிட்டு
காரத்துக்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டு
கேட்டாள்,
"கம்ப இன்னும் புடிக்கணுங்களா?"

ஒன்றேகாலுக்கு மறுபடி பனி.
ஆறாம் கல் மறைந்தது, பிறகு ஐந்து.