புரட்டுதல்

"இருமித்தான் தள்ளணும், லவ்" என்றான் கேரத்,
என் கார் அவன் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.
நான் இருமினேன்.
நவம்பர்ச் சளி, மூன்று வாரமாய் நெஞ்சில்.
அவன் சிரிக்கவில்லை. நல்லவன்.
டிஷ்யூவை நீட்டினான், பிறகு பில்லை:
சைலன்சர், முன் டயர் இரண்டு, பிரேக்கில் ஏதோ ஒன்று.
அறுநூற்று நாற்பது பவுண்டு.

கார் இல்லையென்றால் எனக்கு வேலை இல்லை.
காலை ஏழுக்கு மிஸஸ் ப்ரிட்சர்டுக்குக் காலுறை மாட்ட வேண்டும்,
எட்டேகாலுக்கு ஊரின் மறுகோடியில் ஒருவருக்கு மாத்திரை.
இடையில் ஓட்டும் நிமிடங்களுக்குக் கூலி கிடையாது.
ஸ்விண்டனில் ஐந்து ரவுண்டானா ஒன்றுசேர்ந்து சுழலும் ஓர் இடம் உண்டு.
தினமும் ஆறு முறை அதற்குள் நுழைகிறேன்.
என் சம்பளமும் அப்படித்தான்,
எந்தப் பக்கம் நுழைந்தாலும்
விசா ஏஜென்டுக்காக வாங்கிய கடன் வட்டியில்
போய் வெளியேறுகிறது.

இந்த ஊர்ப் பேச்சில் பணம்
உடம்பிலிருந்துதான் வரும் போலிருக்கிறது.
மூக்கு வழியாகக் கட்டுகிறார்கள்.
விலை அதிகமென்றால் ஒரு கையும் ஒரு காலும்.
"ரெண்டு முனையும் சேரவே மாட்டேங்குது"
என்றாள் கூட வேலைபார்க்கும் ஷெனிஸ்.
எதன் முனைகள் என்று கேட்கவில்லை.
எனக்குத் தெரிந்தவை மாதத்தின் முனைகள்.
இருபத்தெட்டாம் தேதி சம்பளம்,
ஒன்றாம் தேதி வாடகை,
நடுவில் மூன்று நாள் நான் பணக்காரி.

பீட்டரைக் கொள்ளையடித்துப்
பாலுக்குக் கொடுப்பதாம் அவள் வழக்கம்.
ஞாயிறு பள்ளியில் பேதுரு, பவுல் என்று படித்தவளுக்கு
அது பிடிபட இரண்டு நாள் ஆனது.
அதுவரை பாலுக்கு என்றே நினைத்திருந்தேன்.
பெரிய தப்பில்லை.
கரண்டு மீட்டருக்கு வைத்த காசில்
எத்தனையோ நாள் பால் வாங்கியிருக்கிறேன்.

பாங்கில் அந்தப் பெண் கேட்டாள்,
மழை நாளுக்கென்று ஏதாவது ஒதுக்கி வைத்திருக்கிறீர்களா?
கண்ணாடிக்கு வெளியே மழை.
நேற்றும் மழை. போன வாரம் முழுக்க மழை.
எந்த மழைக்கு என்றேன்.
அவள் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

கோவில்பட்டியில் நாங்கள் பணத்தைப் புரட்டுவோம்,
கல்லைப் புரட்டுகிற மாதிரி,
அடியில் ஏதாவது இருக்குமென்று.
தேளும் இருக்கலாம்.

ராத்திரி சோபாவைப் புரட்டினேன்.
நாலு பவுண்டு பதினொரு பென்ஸ்,
ஒரு ஹேர்பின்,
எந்தக் கடையிலும் இப்போது வாங்காத
பழைய காகிதப் பத்து பவுண்டு ஒன்று,
நாலாய் மடித்து.
எனக்கு முன்னால் குடியிருந்த யாரோ
மழைக்கென்று வைத்தது.

ஒன்பது மணிக்குச் சீட்டு ஏலம், வாட்ஸாப்பில்.
எட்டுப் பேர், ஆளுக்கு நூறு.
பவானந்தி அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு
"யாருக்கு வேணும் இந்த மாசம்?" என்றாள்.
அமலோற்பவம் எண்பது தள்ளிக் கேட்டாள்.
மகன் பள்ளியில் சுற்றுலாவாம்,
வெள்ளிக்கிழமைக்குள் கட்ட வேண்டுமாம்.
நான் நூறு.
அவள் கொஞ்சம் யோசித்து, நூற்றுப் பத்து.
நான் நூற்றிருபது என்றேன்,
குரல் எனக்கே புதிதாய் இருந்தது.

ஒரு தரம், என்றாள் அக்கா.
ரெண்டு தரம்.
யாரோ டிவியை அணைத்தார்கள்.
எட்டு வீட்டு அமைதியும் ஒரே போனில் கேட்டது.
மூணு தரம்.

பிறகு யாரோ இருமினார்கள்.
இந்த முறை நானில்லை.