தண்ணிக் கழிவு

டிக்கோயா ஆஸ்பத்திரி ஆய்வுகூடம். வெளியே மழை.
ஊதா மூடிக் குழாயில் மூன்று மில்லிலீற்றர்:
தெய்வானை முத்தையா, நாற்பத்து நான்கு,
கர்ப்பப்பைக் கட்டி, பதினோரு நாளாய் உதிரம்.

இயந்திரம் ஏழு புள்ளி ஒன்று என்றது.
நம்பாமல் குழாயை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தி
மறுபடி வைத்தேன்.
ஏழு புள்ளி ஒன்று.

எனக்குப் பதினான்கு.
இரண்டாம் மாடி ஏறினால் மூச்சு வாங்கும்.
இவள் ஏழை வைத்துக்கொண்டு
போன கிழமை வரை
பதினெட்டுக் கிலோ கொழுந்தைத் தலையில் மாட்டி
மலை இறங்கியிருக்கிறாள்.

அறிக்கையோடு வார்டுக்குப் போனேன்.
கட்டிலில் சம்மணமிட்டிருந்தாள்.
"எத்தன புடிச்சிருக்கு தம்பி?"
சொன்னேன்.
"சாக்குக்குக் கழிச்சா, கழிக்காமயா?"

சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு இரண்டு,
மழை நாளில் கணக்கப்பிள்ளையின் மனசுக்கு இன்னும் ஒன்று.
"இங்க கழிவு இல்லம்மா" என்றேன்.

இரும்பு ஏற்றி இரண்டு மாதம் பொறுக்கலாம்,
உதிரம் பொறுத்தால்.
முன்பெல்லாம் பத்துக்குக் கீழே கத்தி எடுக்க மாட்டார்களாம்,
இப்போது ஏழு வரை தாங்கும் என்கிறார்கள்.
யாருடைய உடம்பில் பார்த்த ஏழு அது?
டாக்டர் நிமேஷாவிடம் கேட்கவில்லை.
அவர் அவளது நாடியைப் பிடித்தபடி
வெகுநேரம் நின்றிருந்தார்.

குளிர்ப்பெட்டியில் ஓ பொசிட்டிவ் இரண்டே பை.
கினிகத்தேனையில் மண் சரிந்து
கண்டி வண்டி நிற்கிறது.
"ஒன்று தயாராக இருக்கட்டும்.
மற்றதை நான் சொல்லும்வரை தொடாதே."

மறுநாள் பத்தரை.
தியேட்டரிலிருந்து குழாய் வந்தது: ஆறு புள்ளி நான்கு.
சேலைன் இரண்டு போத்தல் ஏறியிருந்தது.
சிந்தியது பாதி, கரைந்தது பாதி.
நேற்று நான் சொன்னது பொய்.
இங்கேயும் தண்ணி கழிக்கும்.

ஒரு பை போனது.
கை தொலைபேசி மேலேயே இருந்தது.
மணி அடிக்கவில்லை.

அந்தியில் கண் விழித்திருந்தாள், உதடு காய்ந்து.
"இப்ப?"
"ஏழு புள்ளி நாலு."
கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள்.
"அப்ப அரப் பேரா, முழுப் பேரா?"

என்ன கேட்கிறாள் என்றார் டாக்டர்.
சிங்களத்தில் எப்படிச் சொல்வதென்று நின்றேன்.
கீழே, நான்கு பாகைக் குளிரில்
மற்றப் பை
இன்னும் பெயர் எழுதாமல் கிடந்தது.