வானம் போட்ட பனி

ஐந்து ரோடு, மூன்றாவது மாடி.
எங்களுக்கு இரவு பத்தரை என்றால்
ஒஹையோவில் நண்பகல்.
நீதிபதிகள் கையெழுத்துப் போட்டுவிட்டுச்
சாப்பிடப் போயிருப்பார்கள்.
நான் தீர்ப்பைத் திறப்பேன்.

இருபத்தெட்டுப் பக்கத்தை
எண்பது சொல்லாக்குவது என் வேலை.
தலைக்குறிப்பு என்று பெயர்.
அங்குள்ள வக்கீல்கள் பலர்
அதை மட்டும்தான் படிப்பார்களாம்.
தீர்ப்புக்கு நூற்றுப்பத்து ரூபாய்.
பிழை இருந்தால் பிடித்தம்.

இன்றைக்கு ஒரு பனி வழக்கு.
மார்லா டென்ஹாம், ஐம்பத்தொரு வயது,
வாடகை வீட்டின் பின்படியில்
குப்பைப் பையோடு இறங்கும்போது விழுந்தாள்.
இடுப்பு.

அந்த மாநிலத்தில் பழைய விதி ஒன்று:
வானம் போட்ட பனிக்கு வீட்டுக்காரர் பொறுப்பல்ல.
குளிர்காலத்தில் வழுக்கும் என்று
யாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.
ஆனால் கூரைக்குழாயில் ஓட்டை விழுந்து
சொட்டிய நீர் படியில் உறைந்திருந்தால்
அது வானத்தின் பனி இல்லை,
வீட்டுக்காரரின் பனி.

இருபத்தெட்டுப் பக்கமும்
அந்த ஒரு ஓட்டையைத்தான் சுற்றி வருகிறது.
எவ்வளவு நாளாகச் சொட்டியது,
யாரிடம் சொன்னாள், எந்தத் தேதியில்,
சொன்னதற்கு எழுத்தில் ஏதும் உண்டா.

அந்தப் பனியை நான் பார்த்ததில்லை.
எனக்குத் தெரிந்தது ஏற்காட்டுப் பனி.
பதினாறாவது கொண்டை ஊசியில்
பஸ்ஸின் விளக்கை விழுங்கும்.
அதில் யாரும் வழுக்கி விழுந்ததில்லை.

என் இடது மணிக்கட்டில் ஒரு தகடு இருக்கிறது,
ஆறு திருகாணி.
குகையில் நான் குடியிருக்கும் வீட்டில்
மேல்தொட்டி நிரம்பி வழியும்.
மாடிப்படியெல்லாம் பாசி.
நாலு முறை சொன்னேன்,
நாலும் வாய்வார்த்தை.
ஐப்பசியில் ஒரு விடிகாலை
வேலை முடிந்து ஏறும்போது விழுந்தேன்.

செங்கோடன் ஆஸ்பத்திரிக்கு வந்தார்,
ஒரு ஹார்லிக்ஸ், அரை டஜன் சாத்துக்குடி.
"யானைக்கும் அடி சறுக்கும்மா" என்றார்.
நானும் தலையாட்டினேன்.
யானை சறுக்கிய இடத்துக்கு மேலே
குழாய் ஒழுகியதா என்று
அந்தப் பழமொழி கேட்பதில்லை.

ஆனால் "படி வழுக்குது, பாத்து ஏறுங்க" என்று
அவர் வீட்டுப் பிள்ளைகளே சொல்வார்கள்.
எழுவாய் படிதான்.
குற்றப்பத்திரிகை வாக்கியத்திலேயே இருக்கிறது.

இரண்டு மணிக்கு
தரச்சோதனையிலிருந்து திரும்பி வந்தது.
ரெஜினா ஒரே ஒரு சொல்லைச் சிவப்பாக்கியிருந்தாள்:
'நெடுநாளாக'.
எத்தனை நாள் என்று எழுது.
பதினேழு மாதம் என்று திருத்தினேன்.

மார்லா ஜெயித்தாளா?
இல்லை, தோற்கவும் இல்லை.
ஓட்டையைப் பற்றி ஜூரி முடிவு செய்யட்டும் என்று
இரண்டு நீதிபதிகள் திருப்பி அனுப்பினார்கள்.
மூன்றாமவர் மாறுபட்டார்:
தினமும் நடந்த படிதானே, அவளுக்குத் தெரியாதா.
தெரியும் ஐயா.
குப்பையை வேறு எந்த வழியாக
எடுத்துப் போவாள்?
இதைத் தலைக்குறிப்பில் எழுத முடியாது.

உடல் காயத்துக்கு ஒஹையோவில்
இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும்.
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
சேலத்தில் எத்தனை ஆண்டு?
அஸ்தம்பட்டியில் கோர்ட் இருக்கிறது,
பத்து நிமிட பஸ்.
எனக்குத் தெரியாது.

ஐந்தேகாலுக்கு வேன் குகையில் இறக்கிவிட்டது.
தொட்டி வழியும் சத்தம்
தெருமுனையிலேயே கேட்டது.
நான் ஏறவில்லை.
கீழே நின்று பாசியை, குழாயை,
ஈரம் எதுவரை இறங்கியிருக்கிறது என்பதை
செல்போனில் எடுத்தேன்,
தேதி விழும்படி.
பிறகு செங்கோடனுக்கு ஒரு வாட்ஸப்:
"அண்ணா, ஐந்தாவது முறையாகச் சொல்கிறேன்."

இரண்டு டிக்.
அவர் எழுந்திருக்க ஆறு மணியாகும்.
நீலமாகட்டும் என்று
கேட்டருகே நின்றிருந்தேன்.