சிற்றுண்டி தொடர்பாக

எட்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது.
மும்மொழித் தலைப்பு, நீல முத்திரை:
"தேனீச் சிற்றுண்டி மருந்து தொடர்பான
தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது."

சிற்றுண்ணி, ஐயா.
டி அல்ல, ணி.

இதே அமிலம் பஞ்சிகாவத்தையில்
கிலோக்கணக்கில் கிடைக்கிறது, குளியலறைக் கறைக்கு.
நிஸ்தார் ஹார்ட்வெயாரில் ஒரு கேள்வி இல்லை.
பையும் சும்மா.

படிவத்தின் ஏழாம் கூறு
சிகிச்சை பெறும் விலங்கின் நிறையைக் கிலோவில் கேட்டது.
"வெறுமையா விட்டால் திரும்பி வரும்,
ஏதாவது போடுங்கோ" என்றார் கவுண்டரில் சுகிர்தமலர்.
போட்டேன். சைபர்களைப் பேனை நுனியால் எண்ணிவிட்டு
அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெள்ளவத்தை மொட்டைமாடியில்
பாணந்துறை ரயில் போகும்போதெல்லாம்
நான்கு பெட்டிகளும் ஒருமுறை நடுங்கும்.
அடித்தட்டில் செவ்வாய் பதினொன்று விழுந்து கிடந்தன,
வெள்ளி நாற்பத்து மூன்று.

பிழையைத் திருத்தச் சொல்லி எழுத உட்கார்ந்தவன்
எழும்பிப்போய் ஒரு மூடியைத் தூக்கினேன்.
ஒருத்தியின் வயிற்று மடிப்பில் இரண்டு,
கடுகிலும் சின்னன், சிவப்பு,
பந்திக்கு முந்தியவை போல
அசையாமல்.

எழுத்துப்பிழை என்று எப்படிச் சொல்ல?

கடிதத்தின் பின்பக்கம் சிறிய எழுத்தில்:
மேலதிகப் பிரதிகள் மூன்று.
பதினான்கு நாட்களுக்குள்.