ஜாயிண்டு

மாரண்டஅள்ளி ஸ்டேஷன் லூப் லைனில்
தண்டவாளமும் தண்டவாளமும் முட்டிக்கொள்ளாமல்
நாலு மில்லி விட்டிருக்கும்.
தகடு நுழைகிறதா என்று குனிந்து பார்ப்பது
பதினேழு வருடமாக என் பிழைப்பு.
மெயின் லைன் முழுக்க வெல்டு வைத்தாயிற்று,
இங்கே மட்டும் இன்னும் ஜாயிண்டு.
சித்திரையில் இரும்பு நீளும்.
நீள இடம் இல்லையென்றால்
சாரைப் பாம்பாக நெளிந்து
ஜல்லியை விட்டு வெளியே போகும்.

தர்மபுரி பெரியாஸ்பத்திரியில்
படத்தை வெளிச்சப் பெட்டியில் செருகி
டாக்டர் பேனா மூடியால் காட்டினார்:
இது கிண்ணம், இது பந்து, வெள்ளையெல்லாம் எலும்பு.
நடுவில் வளைந்து போகிற கருப்பு இருக்கிறதே,
குருத்தெலும்பு அங்கேதான். படத்தில் விழாது.
கருப்பு எவ்வளவோ, அது அவ்வளவு.
இடது பக்கம் நாலு மில்லி.
வலது பக்கம் ஒன்றரை.

அளவைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன்.
கையில் கொடி இல்லை.

இலக்கியாவுக்குப் பதிமூணு.
போன ஆனியில்தான்
நீளம் தாண்டுதலில் மூணு எண்பது தாண்டி
மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.
ஆடியில் முட்டி வலிக்கிறது என்றாள்.
இரண்டு மாதம் முட்டிக்கே தைலம் தேய்த்தோம்.
வலி மேலே இருந்து பேசியது
எங்களுக்குக் கேட்கவில்லை.

கையில் ஊசி போட்டு மூணு நாள் பார்த்தார்கள், டிபி இல்லை.
ரத்தத்தில் வாதம் இல்லை.
விழவில்லை, அடிபடவில்லை.
பின்னே எதனால் என்றேன்.
காரணம் தெரியாதது என்பதுதான்
இந்த நோயின் பேரிலேயே இருக்கிறது என்றார்.
லட்சத்தில் ஒன்று என்றும் சொன்னார்,
ஆறுதல் மாதிரி.

என் அக்கா சாலம்மாவிடம் காரணம் தயாராக இருந்தது:
வயசுக்கு வந்து நாலு மாசம் ஆகாத பெண்ணை
அமாவாசை அன்றைக்கு
பாலக்கோடு தக்காளி மண்டி வழியாக
வண்டியில் வைத்துக் கூட்டிப்போனது நான்.
நான் சண்டை போடவில்லை.
ஏதோ ஒரு காரணம் இருப்பது
அன்றைக்கு நல்லதாகத்தான் இருந்தது.

காலில் பட்டை சுற்றி
மூணு கிலோ மணல்பை தொங்கவிட்டார்கள்,
கட்டில் கால்மாட்டில் இரண்டு செங்கல்.
பந்தைக் கிண்ணத்தை விட்டுக் கொஞ்சம் இழுத்து வைக்க.
பதினெட்டு நாள்.
பக்கத்துக் கட்டில் கிழவி பையைப் பார்த்துவிட்டு
அரிசியா என்று கேட்டாள்.

வீட்டில் கக்கூஸில் குந்த முடியவில்லை.
பிளாஸ்டிக் நாற்காலியில் நடுவே ஓட்டை வெட்டினேன்,
ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்தேன்,
என் தொடையை வைத்துப் பார்த்தேன்,
மறுபடி தேய்த்தேன்.

இடுப்பு சாய்ந்ததில் ஒரு கால் நீளமாகத் தெரிகிறது.
டேப் பிடித்து அளந்தேன், இரண்டும் ஒன்று.
"டேப்பு பொய் சொல்லுது" என்றாள்.
அதற்குப் பிறகு அந்த டேப்பை
வேலைக்குக்கூட எடுத்துப் போகவில்லை.

ஒரு ராத்திரி குப்புறப் படுத்து
காலைப் பின்னால் தூக்கிக்கொண்டே கேட்டாள்:
"மார்கழியில உங்க ஜாயிண்டு எவ்ளோ இருக்கும்?"
"ஏழு, எட்டு."
"தானாவா?"
"தானா. குளிர்ந்தா இரும்பு சுருங்கும்."
"யாரும் எதுவும் பண்ண வேணாமா?"
நான் பதில் சொல்வதற்குள்
"பதினொண்ணு" என்று எண்ணினாள்.
பன்னிரண்டு வர நேரமாயிற்று.

மாசியில் அடுத்த படம்.
டாக்டர் நெருங்கிப் பார்த்தார், தள்ளிப் பார்த்தார்.
ரெண்டு. ரெண்டேகால்னும் சொல்லலாம்.
சில பேருக்குத் திரும்ப வரும்,
சில பேருக்கு இறுகிவிடும்.
ஊன்றுகோலை விடாதே, பயிற்சியை விடாதே.

பஸ் ஸ்டாண்டில் டீக்கடை டியூப் லைட்டுக்கு நேரே
படத்தைத் தூக்கிப் பிடித்தேன்.
பையில் கிடந்த தகட்டை எடுத்து
அந்தக் கருப்பில் வைத்தேன்.
வழுக்கிக்கொண்டு இறங்கியது.
மறுபடி வைத்தேன்.

இரண்டு கோலையும் ஒரே அக்குளில் இடுக்கிக்கொண்டு
வடையைக் கடித்தபடி சொன்னாள்:
"அப்பா, அது வெறும் படம்.
நான் இங்க நிக்கிறேன்."