மாங்காய்ப் பதக்கம்

கொக்குவிலில், மருந்துக்கடைக்கு மேல்மாடி.
சனிக்கிழமை இரண்டரை மணி.
பௌதிகவியல் ரியூசன் முடிந்துபோன பெடியள்
அழிக்காமல் விட்ட சமன்பாடுகளுக்குக் கீழே
எட்டுப் பலகை, எட்டு வெண்ணெய்த் தாழி,
இன்னும் முகம் வராத எட்டுக் கண்ணன்.

சொல்லித் தருகிறவளுக்கு இருபத்தாறு வயது.
திருச்சி முகாமில் பிறந்து
கும்பகோணத்தில் தஞ்சாவூர் ஓவியம் பழகி
போன வருடம் ஊர் திரும்பினவள், அனுசிகா.
'அழுத்தமா பண்ணுங்க' என்பாள்,
நாக்கைக் கடித்து
'செய்யுங்கோ' என்று திருத்துவாள்.

முதல் மாதம் கண்ணன் எட்டியும் பார்க்கவில்லை.
பலகையில் வேட்டித் துணி ஒட்டினோம்.
சுண்ணப்பொடி, புளியங்கொட்டைப் பசை;
பூசு, காயவிடு, தேய், திரும்பப் பூசு.
புடைப்பு வைக்க மாக்குழம்பு தோசைமாப் பதத்தில் வேண்டுமாம்.
எனக்கு ஒருநாள் இடியப்ப மாவாக வந்தது,
அடுத்த கிழமை சொதி.

இருபத்திரண்டு வருடமாய் நான்
கஸ்தூரியார் வீதி வங்கியில் அடகுப் பகுதி.
உரைகல், அமிலம், தராசு.
முகம் பார்க்கிறதில்லை, நகை பார்ப்பேன்.
பார்த்ததை எழுதுவேன்:
சங்கிலி ஒன்று, கொழுக்கி புதிது.
காப்பு இரண்டு, ஒன்று நெளிந்தது.
மாங்காய்ப் பதக்கம், கீழ்வரிசையில் ஒரு கல் இல்லை.

பக்கத்துப் பலகை பத்மலோஜினியினுடையது.
ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவ.
கை நடுங்காது, கதையும் இல்லை,
பசைக் கிண்ணம் கேட்டால் தள்ளி விடுவா.

கல் பதிக்கிற நாள்
கண்ணன் கழுத்துக்கு எல்லாரும்
அனுசிகா தந்த அச்சைப் பார்த்து
முத்துமாலை வைத்தோம்.
அவ மட்டும் அச்சைத் திருப்பி வைத்துவிட்டு
ஊசிமுனையால் மாவை இழுத்தா.
வளைவு. கூர். உள்ளே ஒரு சின்ன வளைவு.
மாங்காய்.
மேலே மூன்று சிவப்பு, நடுவில் பச்சை,
கீழே ஐந்துக்கு நாலு.

'அக்கா, ஒரு கல்லு விட்டுட்டீங்க.'
'அது அப்பிடித்தான்.'

என் விரல்நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது
ஒரு சிவப்புக் கல்.
மூன்று தவணை அறிவித்தல்,
பதிவுத் தபால் இரண்டு,
ஏல நாள், வாங்கினவரின் கையெழுத்து.
எல்லாம் சரியாகத்தான் நடந்தது.
பதிவேட்டை எடுத்து இப்பவும் காட்டுவேன்
யாரும் கேட்டால்.
யாரும் கேட்கவில்லை.
கல்லைச் சுரண்டி டப்பாவில் போட்டேன்.

கடைசியாகத் தங்கத்தகடு.
புத்தகம்போல வருகிறது, தாளுக்கு ஒன்று.
இருபத்திரண்டு கரட் என்று உறையில் போட்டிருக்கிறது,
நம்பினேன், உரைக்க ஒன்றுமில்லையே அதில்.
என் தராசில் வைத்தால் முள் அசையாது.
இத்தனை வருடம் கிராமாய்ப் பவுணாய்ப் பார்த்த சாமான்
என் மூச்சுக்கே சுருண்டது.
மின்விசிறியை நிற்பாட்டினோம். யன்னல் சாத்தினோம்.
எட்டுப் பேரும் வேர்த்து வழிய
புடைப்பின் மேல் தகட்டைப் படுக்கவைத்துப்
பஞ்சால் ஒற்றினோம்.

அப்போதுதான்,
பலகையை விட்டுக் கண் எடுக்காமல்,
அடுத்த வீட்டு ஆளிடம் தண்ணி வந்ததோ என்று கேட்கிற குரலில்,
'நீங்கள் வங்கியில
நகைப் பக்கம் நிக்கிறனீங்கள் என்ன?'

ஓம் என்றேன்.
அதற்கு மேல் என்னவோ சொல்ல வாய் திறந்தேன்.

'பொறுங்கோ' என்றா.
அவவின் பஞ்சு பதக்கத்தின் கீழ்வரிசையில்
கல் இல்லாத குழிக்குள்
தகட்டை மெல்ல இறக்கிக்கொண்டிருந்தது.
'மூச்சை அடக்குங்கோ, பறந்திடும்.'

அடக்கினேன்.
கீழே மருந்துக்கடையில் யாரோ
மிச்சக் காசுக்குச் சண்டை பிடித்தார்கள்.
குழி பொன்னானது,
குழியாகவே.